‘லோ ரைடர்’ வருதா, வர்றானா? ஃபங்க் வரிகளுக்கு ஒரு பஞ்சாயத்து

#1 முதல்தட்டு

‘லோ ரைடர்’ பாட்டுக்குத் தமிழில் சப்டைட்டில் போட வேண்டும். மூன்று நிமிடப் பாட்டு, வரிகள் ஒரு பத்து தேறும். அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே வண்டி நின்றுவிட்டது.

பாட்டு தெரியாதவர்களுக்கு: வார் என்ற கலிஃபோர்னியா ஃபங்க் குழு (ஃபங்க் என்றால் தாளத்தை முன்னால் நிறுத்தும் கறுப்பர் நடன இசை), 1975, ‘ஒய் காண்ட் வீ பி ஃப்ரெண்ட்ஸ்?’ ஆல்பம். பாடியவர் குழுவின் சாக்ஸபோன்காரர் சார்லஸ் மில்லர். அமெரிக்காவின் ஆர் அண்ட் பி பாட்டுப் பட்டியலில் முதலிடம், எல்லா வகைப் பாட்டும் சேர்ந்த ஹாட் 100 பட்டியலில் 7-ஆம் இடம். கௌபெல் (மாட்டுமணி மாதிரித் தாளக்கருவி), அதன்மேல் பேஸ் கிட்டார், அதன்மேல் ஹார்மோனிகாவும் சாக்ஸும் சேர்ந்து ஊதும் அந்த மெட்டு. கேட்டால் “ஓ, இதுவா!” என்பீர்கள்.

சிக்கல் இதுதான். லோ ரைடர் கொஞ்சம் மெதுவாகப் போகிறது என்கிறது மூன்றாவது வரி. போகிறதா, போகிறானா? ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு இந்தக் கவலையே கிடையாது. தமிழில் விகுதி போட்டால்தான் வாக்கியம் முடியும்; விகுதி போட்டால் லோ ரைடர் காரா ஆளா என்று தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும். காரா, ஆளா, வேறு ஏதாவதா? ஆதாரத்தோடு பேசவும்.

#2 நாலாவதுகியர்

இதில் என்ன பஞ்சாயத்து? கார்தான்.

லோ ரைடர் என்றால் அடி தரையைத் தொடுகிற மாதிரி தாழ்த்திக் கட்டிய பழைய அமெரிக்கக் கார். லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதி மெக்ஸிகன் அமெரிக்க இளைஞர்கள் வளர்த்தெடுத்த கலை. ஞாயிற்றுக்கிழமை மாலை விட்டியர் புல்வார்டில் ஊர்வலம் மாதிரி ஊர்ந்து போவார்கள். வெள்ளைக்காரப் பையன்களின் ஹாட் ராட் கார்கள் வேகத்துக்கு. இது அதற்கு நேர் எதிர். தாழ்வாக, மெதுவாக. அதனால்தான் பாட்டிலும் மெதுவாகப் போகிறது. ‘போகிறது’ என்று போட்டு விகுதியை முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

#3 நன்னூல்நண்டு

நாலாவதுகியர் ஐயா, முதல் வரியை மறந்துவிட்டீர்களே. என் நண்பர்கள் எல்லோருக்கும் லோ ரைடரைத் தெரியும் என்று ஆரம்பிக்கிறது. பிறகு, அவன் எல்லாத் தெருவையும் அறிந்தவன், சந்திக்க வேண்டியவன் என்று போகிறது. காருக்குத் தெரு தெரியுமா? கூகுள் மேப் வருவதற்கு முப்பது வருடம் முன்னால்!

உண்மையில் அந்தச் சொல் அந்த ஊரில் இரண்டுக்குமே வழங்குகிறது. காரும் லோ ரைடர், ஓட்டுபவரும் லோ ரைடர். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது: ஆகுபெயர். ‘ரைடர்’ என்றால் ஏறிச் செல்பவன். அவன் பெயர் அவன் ஏறியிருக்கிற வண்டிக்கு ஆகி வந்தால் அது தானியாகுபெயர். “அடுப்பிலிருந்து பாலை இறக்கு” என்றால் பால் இருக்கிற பாத்திரத்தைத்தானே இறக்குகிறோம், அதே கணக்கு. உள்ளே இருப்பதன் பெயர் வெளியே இருப்பதற்கு.

இதை அப்படியே திருப்பிப் போட்டால் நாம் தினமும் செய்வது. “ஆட்டோ! சென்ட்ரல் வருமா?” கூப்பிடுவது ஓட்டுநரை. பெயர் வண்டியுடையது. விகுதியும் வண்டியுடையது. அவரும் கோபித்துக்கொள்ளாமல் “முந்நூறு ஆகும்” என்கிறார். அது இடவாகுபெயர், “ஊர் சிரித்தது” மாதிரி.

ஆகவே ‘போகும்’ என்று போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கார் என்பதற்காக அல்ல, ஆட்டோ நியாயப்படி.

#4 சும்மாவந்தேன்

அடுத்து லோ ரைடர் ‘கேஸ்’ பயன்படுத்தாது என்று ஒரு வரி வருதே. இண்டக்‌ஷன் அடுப்பா?

#5 நாலாவதுகியர்

சும்மாவந்தேன் சும்மா இருங்க. அமெரிக்கர்களுக்கு கேஸ் என்றால் பெட்ரோல்.

ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். பெட்ரோல் குடிக்காத ’64 இம்பாலா காரை யாரும் பார்த்ததில்லை. அந்தக் கால வி8 எஞ்சின் சும்மா நின்று உறுமினாலே மணிக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் போகும். புல்வார்டில் முதல் கியருக்கும் பிரேக்குக்கும் நடுவே மூன்று மணி நேரம் ஊர்ந்தால், ஓடிய தூரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், குடித்தது ஏழெட்டு லிட்டர். நெடுஞ்சாலையில் போனதைவிட கிலோமீட்டர் கணக்கில் பல மடங்கு மோசம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்டு பங்க் வாசலில் வரிசை நின்ற நினைவு ஆறாத நேரத்தில் வந்த பாட்டு. அப்போது ‘பெட்ரோலே வேண்டாம்’ என்று பாடினால் அது காரின் குணமல்ல, ஓட்டுபவனின் வாய்ச்சவடால்.

#6 பேஸ்பேயன்

அதிலும் அந்த வரியில் இரண்டு எதிர்மறை இருக்கிறது. ‘டோண்ட்’ ஒன்று, ‘நோ’ ஒன்று. கணக்குப்படி மைனஸும் மைனஸும் ப்ளஸ். அப்படியென்றால் பெட்ரோல் போடுகிறது என்றுதானே அர்த்தம்? நாலாவதுகியரின் ஏழெட்டு லிட்டரும் கணக்கில் வந்துவிடும்.

#7 நன்னூல்நண்டு

இல்லை. பள்ளிக்கூட ஆங்கிலத்தில்தான் அந்த மைனஸ் கணக்கு. ஆப்பிரிக்க அமெரிக்கர் பேச்சில் வாக்கியத்தில் ஒரு எதிர்மறை வந்தால் மற்றவையும் அதோடு ஒத்துப் போகும். எத்தனை அடுக்கினாலும் அழுத்தம்தான் கூடும், அர்த்தம் திரும்பாது. “பெட்ரோலா? சொட்டுக்கூடக் கிடையாது” என்பதுதான் தொனி.

தமிழில் இரட்டை எதிர்மறை திரும்பும்: “பணம் இல்லாமல் இல்லை” என்றால் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் நமக்குத் தடுமாற்றம். ஃபங்க் வரி எதையும் மொழிபெயர்க்கும் முன்பு இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது. பாதிப் பாட்டுகளில் இப்படித்தான் கவிழ்கிறார்கள்.

#8 புகைக்கூண்டு

எல்லோரும் சுற்றி வளைத்துக் காருக்கு அடியில் படுத்துக் கிடக்கிறீர்கள். எழுந்து வெளியே வாருங்கள். பாட்டு போதைப் புகையைப் பற்றியது.

ஒன்று: ‘லோ’ ரைடர் கொஞ்சம் ‘ஹையர்’ என்று இரண்டாவது வரி. தாழ்ந்தது எப்படி உயர்ந்திருக்கும்? அமெரிக்காவில் யார் ‘ஹை’யாக இருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.
இரண்டு: மெதுவாகப் போகிறான். வேகமே இல்லை.
மூன்று: பெட்ரோல் வேண்டாம் என்கிறான். கார் கிளம்பவே இல்லை ஐயா, நிறுத்திய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.
நான்கு: என்னோடு ஒரு சின்ன ‘ட்ரிப்’ வா என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறான். 1975-இல் ட்ரிப் என்றால் திருப்பதி ட்ரிப் அல்ல.

#9 சும்மாவந்தேன்

எங்க பக்கம் ட்ரிப்னா ஒரு லோடு மணல்.

#10 நாலாவதுகியர்

புகைக்கூண்டு, உங்கள் முதல் பாயிண்ட்டுக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன். ‘தாழ்ந்தது எப்படி உயரும்’ என்கிறீர்கள். அது உயர்வதற்கென்றே டிக்கியில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

ஆரம்பத்தில் காரைத் தாழ்த்தியது எளிய வழிகளில். டிக்கியில் மணல் மூட்டை போடுவது. (சும்மாவந்தேன், இதோ உங்கள் மணல் லோடு.) அல்லது முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுப்பது. அறுத்த ஸ்பிரிங் இறுகிப்போகும், ஆடும் இடமும் குறையும். பள்ளத்தில் விழுந்தால் சேஸிஸ் போய் ஆக்ஸிலில் இடிக்கும். சிலர் காஸ் டார்ச் வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கை உட்கார வைத்தார்கள். அது இன்னும் மோசம். எஃகின் பதம் போய்விடும், நாலு பக்கமும் நாலு உயரத்தில் தொங்கும், ஒருநாள் படக்கென்று முறியும். மெதுவாக ஓட்டியதற்குப் பாதிக் காரணம் ஸ்டைல், மீதி முதுகெலும்பு.

பிறகு சட்டம் வந்தது. 1958 முதல் கலிஃபோர்னியா வாகனச் சட்டம் 24008-ஆம் பிரிவு: மாற்றியமைத்த காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடி விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. ஸ்பிரிங்கை அறுத்தவன் மாட்டினான், ஏனென்றால் அறுத்ததை ரோட்டோரத்தில் ஒட்ட முடியாது. 1959-இல் ரான் அகிரி என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக்ஸ் (எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் அமைப்பு) பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் சட்டப்படியான உயரத்துக்கு எழும், போலீஸ் போனதும் மறுபடி உட்காரும். பம்புகள் பெரும்பாலும் போர் விமானங்களிலிருந்து கழித்துக் கட்டிய உபரிச் சரக்கு.

அமைப்பு இப்படி. மின் மோட்டார், அதோடு கியர் பம்பு, எண்ணெய்த் தொட்டி: இது ஒரு செட். எளிய கட்டமைப்பில் முன்பக்கத்துக்கு ஒரு செட், பின்பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சிலிண்டர். முன்னால் 8 அங்குலம், பின்னால் 10, 12 அங்குலம் போடுவது வழக்கம். சுவிட்சைத் தட்டினால் சாலினாய்டு (மின்காந்தத்தால் இயங்கும் இணைப்பு) மூடி மோட்டார் சுழலும், எண்ணெய் சிலிண்டருக்குள் பாயும், பிஸ்டன் நீண்டு உடம்பைத் தூக்கும். செக் வால்வு எண்ணெய் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். இறக்க ‘டம்ப்’ வால்வைத் திறந்தால் போதும், காரின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் தள்ளிவிடும்.

இன்றைய கட்டமைப்புகளில் 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைப்பார்கள். நாலு போட்டால் 48, ஆறு போட்டால் 72 வோல்ட். வேடிக்கைக்குக் காரின் மூக்கைத் துள்ள வைக்க வேண்டும் என்பதால் முன்பக்கத்துக்குக் கூடுதல் வோல்ட், பின்பக்கத்துக்குக் குறைவு. கவனிக்க வேண்டியது: பேட்டரியில் சார்ஜ் இறங்கிய நிலையில் சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. வோல்ட் குறைந்தால் மோட்டார் ஆம்பியரை அதிகமாக இழுக்கும், சாலினாய்டின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சுவிட்சை விட்டாலும் பம்பு நிற்காது. டிக்கியில் புகை வரும். அதற்காகத்தான் கிரவுண்டு வயரில் கையால் சட்டென்று பிடுங்கும் ஒரு இணைப்பு வைக்கிறார்கள். அது இல்லாமல் வயரிங் செய்பவர் கையில் காரைக் கொடுக்காதீர்கள்.

58 முதல் 64 வரையான இம்பாலாவுக்கு எக்ஸ் வடிவச் சேஸிஸ். துள்ள வைத்தால் நடுவில் விரியும். தகடு சுற்றி வெல்டு அடிக்காமல் துள்ள வைப்பவர்கள் கொஞ்ச நாளில் இரண்டு காருக்குச் சொந்தக்காரர் ஆவார்கள். பின்பக்கத்தை ரொம்ப உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்டின் கோணம் மாறி யு ஜாயிண்ட் கடிபடும். நீள்கிற ஸ்லிப் ஷாஃப்ட் போட வேண்டும்.

ஆக, ‘லோ’ ரைடர் ‘ஹையர்’ ஆவதில் முரணே இல்லை. சுவிட்ச் இருக்கிறது.

போனஸாக ஒன்று. ஹைட்ராலிக்ஸ் பேட்டரிகளுக்கும் எஞ்சின் பேட்டரிக்கும் தொடர்பு கிடையாது. ஆல்டர்நேட்டர் அவற்றை நிரப்பாது, வீட்டில் இரவெல்லாம் பிளக் செருகித்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்த ஆட்டம் மொத்தமும் கரண்டில்தான். ‘பெட்ரோல் வேண்டாம்’ என்ற வரி அந்த அளவுக்கு உண்மையேதான்!

#11 சும்மாவந்தேன்

அப்போ நான் சொன்ன இண்டக்‌ஷன் கிட்டத்தட்ட சரி.

#12 புகைக்கூண்டு

டிக்கியில் புகை வரும் என்று நீங்களே ஒப்புக்கொண்டதைக் குறித்துக்கொள்கிறேன்.

சட்டம், சிலிண்டர் எல்லாம் சரி. ஆனால் பாட்டில் போலீஸ் இல்லை, சுவிட்ச் இல்லை, பேட்டரி இல்லை. பாட்டில் இருப்பது ‘ஹையர்’, ‘ட்ரிப்’ இரண்டும்தான். இல்லாத சொற்களுக்கு 72 வோல்ட் கொடுக்கிறீர்கள், இருக்கிற சொல்லைக் கண்டும் காணாமல் போகிறீர்கள்.

#13 பேஸ்பேயன்

இருவரும் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்தச் சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

‘ரைடர்’, ‘ஹையர்’. ‘ஸ்லோயர்’, ‘கோயர்’. ‘ஸ்ட்ரீட்’, ‘மீட்’. ‘கேஸ்’, ‘ஃபாஸ்ட்’. எல்லாமே வரிக் கடைசியில் ஒலி ஒத்துப்போகிற இயைபு. ரைடருக்கு ஒலி பொருந்த ஒரு சொல் தேடினால் அகராதியில் ஏறக்குறைய முதலில் தட்டுப்படுவது ‘ஹையர்’. மெதுவாகப் போவது அடுத்த அடியிலேயே ‘கோயர்’ ஆகிறதே, அதாவது துடிப்பான ஆள், விரைந்து செயல்படுகிறவன், அது எப்படி? ஸ்லோயருக்கு இயைபு வேண்டும், அவ்வளவுதான்.

இசையைக் கேளுங்கள். பாட்டு முழுக்க ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சுற்றித்தான். வழக்கமான பாட்டில் கார்டு மாறும்போது நமக்கு ஏதோ நடந்த உணர்வு வரும். இங்கே அது கிடையாது. பேஸ் ஒரு சின்ன வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கௌபெல் விடாமல் தட்டுகிறது, மில்லர் தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல், பாடுவதற்கும் பேசுவதற்கும் நடுவில் சொல்லிக்கொண்டு போகிறார். கார் எப்படி ஊர்கிறதோ பாட்டும் அப்படி ஊர்கிறது. கதை கிடையாது, முன்னேற்றம் கிடையாது, தெருவை ஒரு சுற்று. இயைபுக்குப் போட்ட சொல்லுக்கு ஹைட்ராலிக்ஸும் மாட்ட வேண்டாம், பீடியும் பற்றவைக்க வேண்டாம்.

#14 நன்னூல்நண்டு

“இயைபுக்குப் போட்டது” என்பது பொருள் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது. இயைபுக்கு ஏற்ற சொற்கள் பத்து இருக்கும். அதில் ஒன்றை எடுத்தது கவிஞன். ‘ஃபயர்’ இருந்தது, ‘டயர்’ இருந்தது. காரைப் பற்றிய பாட்டில் டயரை விட்டுவிட்டு ஹையரை எடுத்தால் கண்ணடிக்கிறார்கள் என்று பொருள். கண்ணடிப்பவனிடம் “எந்தக் கண்?” என்று கேட்டு அஃபிடவிட் வாங்க முடியாது.

#15 சும்மாவந்தேன்

லோ ரைடர்ங்கறது ஹார்லி டேவிட்சன் பைக் பேரு இல்லையா? மூணு பக்கமா காரைப் பேசறீங்க.

#16 நாலாவதுகியர்

ஹார்லியின் லோ ரைடர் மாடல் வந்தது 1977. பாட்டு 1975. பைக் பாட்டைப் பார்த்துப் பெயர் வைத்ததா என்று வேண்டுமானால் தனி இழை திறந்துகொள்ளுங்கள். பாட்டு பைக்கைப் பாடவில்லை. ‘லோரைடர்’ பத்திரிகை சான் ஹோஸேயில் தொடங்கியதும் 1977-தான். பாட்டு வந்தபோது அந்தச் சொல் தெருவில் இருந்தது, கடைக்கு வரவில்லை.

#17 கொத்தனார்கணக்கு

1977 என்றதும் நினைவு வந்தது. அதே ஆண்டு கமடோர்ஸ் குழுவின் ‘பிரிக் ஹவுஸ்’. அதில் 36-24-36 என்று அளவு கொடுத்திருக்கிறார்கள். செங்கல் வீடு என்பதால் கட்டுமானக் கணக்கு போட்டுவிட்டேன்.

அளவு அடியில் என்று வைத்துக்கொண்டால் மொத்தச் சுவர் நீளம் 96 அடி. உயரம் 10 அடி, கனம் 9 அங்குலம். 96 × 10 × 0.75 = 720 கன அடி. கன அடிக்குப் பதிமூன்றரைக் கல் வீதம் 9,720. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் சுமார் 10,200 கல். கதவு, ஜன்னல் கழிக்கவில்லை. ஆனால் முன்னும் பின்னும் 36 வைத்து நடுவில் 24-க்கு ஒடுக்கினால் மூலைக்கு மூலை கூரைத் தண்ணீர் தேங்கும். பிளான் பாஸ் ஆகாது.

#18 முதல்தட்டு

கொத்தனாரே, அது ஒரு பெண்ணின் மார்பு, இடை, இடுப்பு அளவு. அங்குலத்தில்.

#19 கொத்தனார்கணக்கு

தெரியும். ஆனாலும் தண்ணீர் தேங்கும்.

#20 நன்னூல்நண்டு

இந்த வீட்டுக்கும் ஒரு பின்வாசல் இருக்கிறது. அமெரிக்கக் கிராமங்களில் கக்கூஸ் வீட்டுக்கு வெளியே தனியாக, மரப்பலகையில் அடித்தது. செங்கல்லில் கட்டியது அபூர்வம். காற்று, மழை எதற்கும் அசையாது. அதனால் “செங்கல் கக்கூஸ் மாதிரி கட்டுக்கோப்பு” என்று கொச்சையில் ஒரு சொலவடை. திடமான உடற்கட்டுள்ளவரைப் பாராட்டுவது! ரேடியோவில் பாட முடியாத பாதியை வெட்டிவிட்டு ‘ஹவுஸ்’ மட்டும் வைத்தார்கள். கேட்டவர்களுக்கு வெட்டின பாதியும் தானாகக் காதில் விழும்.

வரிகளை எழுதியது குழுவின் டிரம்பெட்காரர் வில்லியம் கிங்கின் மனைவி ஷெர்லி. பாடியது டிரம்மர் வால்டர் ஆரஞ்ச். லயனல் ரிச்சி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர், மறுபடி கேட்கவும். தமிழில் ‘செங்கல் வீடு’ என்று போட்டால் கொத்தனார்தான் வருவார், வந்துவிட்டார். ‘கோபுரம் மாதிரி’ என்றாலும் சரியில்லை, பக்தி வந்துவிடும். “தேக்கு மரத்துல இழைச்ச மாதிரி” என்பது ஓரளவு கிட்டே போகிறது.

#21 மட்டுறுத்துநர்

கட்டுமானத்தை நிறுத்திவிட்டுக் காருக்குத் திரும்பவும். கக்கூஸ் ஒரு பதிவோடு போதும்.

#22 முதல்தட்டு

திரும்புகிறேன், ஆனால் வழியில் ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. விகுதிக் குழப்பத்தைவிடப் பெரிய குழி அங்கே.

1965-இல் வந்த ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ பாட்டை ஒரு மொழிபெயர்ப்பு எந்திரத்தில் போட்டால் “அப்பாவிடம் ஒரு புத்தம் புதிய பை உள்ளது” என்கிறது. கூடவே அப்பா ‘குரங்கு செய்கிறார்’, ‘மசித்த உருளைக்கிழங்கு செய்கிறார்’. படித்தால், மனிதர் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட் போய் வந்து சமையலில் இறங்கிவிட்ட மாதிரி இருக்கிறது.

பை அல்ல. அந்தக் காலக் கறுப்பர் பேச்சில் ‘பேக்’ என்றால் ஒருவருக்குப் பிடித்த விஷயம், அவருடைய பாணி. பாப்பா என்பது பெற்ற அப்பாவும் அல்ல. வயதில் மூத்த ஆள். குரங்கும் உருளைக்கிழங்கும் அன்றைய நடனங்கள்: மங்கி, மேஷ்டு பொட்டேட்டோ. கூடவே ஜெர்க், ஃப்ளை. பெரிசு ஒருத்தர் கூச்சத்தை விட்டுவிட்டு இளசுகளின் ஆட்டத்தில் இறங்கிவிட்டார் என்பதுதான் மொத்தப் பாட்டு. “பெருசுக்குப் புது ரூட்டு” என்று நான் போட்டேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லவும்.

#23 பேஸ்பேயன்

ஆட்சேபம் இல்லை. அதோடு 1970-இன் ‘செக்ஸ் மெஷின்’ பாட்டில் “பாலத்துக்குக் கூட்டிப் போகட்டுமா?” என்று அவர் கூடப் பாடும் பாபி பேர்டிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, அதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘பாலம்’ என்று சப்டைட்டில் போட்டவர்கள் உண்டு. எந்தப் பாலம், எந்த ஆறு?

பிரிட்ஜ் என்றால் பாட்டின் இடைப்பகுதி. இ ஃப்ளாட் கார்டிலேயே நெடுநேரம் நின்று சுழலும் பாட்டு அங்கேதான் ஏ ஃப்ளாட் கார்டுக்கு ஏறுகிறது. எப்போது ஏறுவது என்று தாளில் எழுதி வைக்கவில்லை. அவர் வாயால் சைகை கொடுத்தால்தான் குழு மாறும். கேட்பது அனுமதி போல இருக்கும், உண்மையில் உத்தரவு. “போகட்டுமா?” என்று ஆறு தரம் கேட்டு எல்லோரையும் நுனிக்காலில் நிற்க வைத்துவிட்டுத்தான் போவார். கச்சேரியில் பாடகர் மிருதங்கக்காரர் பக்கம் திரும்பித் தலையசைத்தால் தனி ஆரம்பம் என்று சபைக்கே புரிகிறதல்லவா, அது மாதிரி.

தனி என்றதும், 1967-இன் ‘கோல்ட் ஸ்வெட்’டில் டிரம்மருக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று ஒரு அறிவிப்பு வரும். என்ன கொடுப்பது, டீயா, காசா என்று குழம்ப வேண்டாம். தமிழில் ஒரே சொல்: “தனி விடுங்க.” உடனே க்ளைட் ஸ்டபிள்ஃபீல்ட் தனியாக வாசிப்பார்.

#24 புகைக்கூண்டு

காசு இல்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை. ஸ்டபிள்ஃபீல்டின் ‘ஃபங்கி டிரம்மர்’ தாளத்தை ஹிப் ஹாப் உலகமே சுரண்டி எடுத்து சாம்பிள் போட்டது, அதாவது தன் பாட்டுகளில் வெட்டி ஒட்டிக்கொண்டது. பாடல் உரிமையில் அவர் பெயர் இல்லாததால் உரிமைத்தொகை அவருக்கு வரவில்லை. டிரம்மருக்கு ‘கொஞ்சம்’கூடக் கொடுக்கவில்லை.

#25 நன்னூல்நண்டு

சரி, லோ ரைடருக்கு வருகிறேன். விகுதிப் பிரச்சினையைத் தீர்க்க ஒரு வழி தெரிகிறது. விகுதியே போடாமல் விட்டுவிடலாம்.

தமிழில் நான்காம் வேற்றுமை ஒரு நல்ல ஒளிவிடம். ‘-கு’ வந்தால் எழுவாய்க்கும் வினைக்கும் பொருத்தம் பார்க்கிற வேலையே இல்லை. எனக்குத் தெரியும், நாய்க்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். உயர்திணை, அஃறிணை எல்லாம் ஒரே ‘தெரியும்’. அதைப் பிடித்துக்கொண்டால்:

தெருக்கள் வரி: “லோ ரைடருக்குத் தெருவெல்லாம் அத்துப்படி.”
பெட்ரோல் வரி: “லோ ரைடருக்குப் பெட்ரோலே வேண்டாம்.”
வேக வரி: “லோ ரைடருக்கு அவசரம் கிடையாது.”

ஆளா காரா என்று இந்த மூன்றிலும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆங்கிலத்தில் எவ்வளவு மயக்கமோ அவ்வளவே தமிழிலும்.

#26 முதல்தட்டு

நண்டு ஐயா! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட சமாச்சாரம். அப்படியானால் நான் நின்ற அந்த மூன்றாவது வரி? “லோ ரைடருக்கு மெதுவாக…” என்று ஆரம்பித்தால் ஒட்டவில்லை.

#27 நன்னூல்நண்டு

அதற்கு வினையைப் பெயராக்குங்கள். ‘போகிறது’ வேண்டாம், ‘போக்கு’ என்று வையுங்கள். “லோ ரைடர் போக்கே நிதானம்.” தமிழ்ப் பெயர்ப் பயனிலைக்கு விகுதி கேட்கிற வழக்கமில்லை. ‘போக்கு’ ஆளின் குணத்துக்கும் பொருந்தும், வண்டியின் நகர்வுக்கும் பொருந்தும்.

#28 பேஸ்பேயன்

வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். ‘போக்கே நிதானம்’ சரியாக உட்காருகிறது. ஆனால் ‘லோ ரைடருக்குத் தெருவெல்லாம் அத்துப்படி’ நீளம். சப்டைட்டில்தானே, பாடப்போவதில்லை என்று சொல்லாதீர்கள். அந்த வரி கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தால் பார்ப்பவர் கௌபெல்லைத் தவறவிடுவார். “தெருவெல்லாம் அத்துப்படி” மட்டும் போடுங்கள். லோ ரைடர் என்ற பெயர் காதிலேயே விழுகிறது, எழுத்தில் ஒவ்வொரு வரிக்கும் வேண்டியதில்லை. பெயர் முதல் வரியில் ஒரு தடவை வந்தால் போதும்.

#29 நாலாவதுகியர்

அப்போ ‘ஹையர்’? ‘லோ’வும் ‘ஹை’யும் எதிரெதிரே நிற்க வேண்டும். அதுதான் அந்த வரியின் விளையாட்டு.

#30 முதல்தட்டு

“லோ ரைடர் ஒரு படி மேல.”

வினை இல்லை, விகுதி இல்லை. அந்தஸ்தில் மேலே என்றும் எடுக்கலாம், சிலிண்டர் தூக்கியது என்றும் எடுக்கலாம்.

#31 புகைக்கூண்டு

நான் எடுக்கிற மாதிரியும் எடுக்கலாம். வழிமொழிகிறேன்.

#32 நாலாவதுகியர்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சப்டைட்டிலோடு படம் போடுவதாக இருந்தால் கவனம்: ’64 இம்பாலா படத்தைப் போடுங்கள், இஷ்டத்துக்கு ஏதாவது பெரிய அமெரிக்கக் காரைப் போடாதீர்கள். ‘ஜிப்ஸி ரோஸ்’ படம் கிடைத்தால் இன்னும் நல்லது. இளஞ்சிவப்பில் கைவேலையாக ரோஜாக்கள் வரைந்த ’64 இம்பாலா, 1970-களில் ‘சிகோ அண்ட் த மேன்’ டிவி தொடரின் ஆரம்பக் காட்சியில் ஊர்ந்து போவது அதுதான். அப்புறம் 24008 இன்னும் அமலில் இருப்பதாகக் குறிப்பு எழுதிவிடாதீர்கள். கார் உயரத் தடையையும், ஊர்கள் ஊர்வல ஓட்டத்துக்குத் தடை போடும் அதிகாரத்தையும் 2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியா நீக்கிவிட்டது. இப்போது தாழ்வாகவே இருக்கலாம், சுவிட்சைத் தட்ட அவசியமில்லை.

#33 முதல்தட்டு

குறித்துக்கொண்டேன். மிச்சம் ஒரே சொல். ‘ட்ரிப்’. ‘பயணம்’ என்றால் புகைக்கூண்டு வழக்குப் போடுவார். ‘போதை’ என்றால் நாலாவதுகியர் பிரேக் போடுவார். ‘ஒரு ரவுண்டு’ என்று போடலாமா? தெருவைச் சுற்றுவதும் ரவுண்டு, மற்றதும் ரவுண்டு.

#34 நன்னூல்நண்டு

அருமை. ரவுண்டுக்கும் திணைச் சிக்கல் இல்லை.

#35 சும்மாவந்தேன்

ரவுண்டு ஓகே. மணல் லாரிக்காரங்க மனசு உடையும், பரவாயில்ல.

எர்த் விண்ட் அண்ட் ஃபயர் குழுவோட ‘செப்டம்பர்’ பாட்டுல “பாட்டியா, பாட்டியா”ன்னு கூப்பிடறாங்களே, அது யாரோட பாட்டி?

#36 பேஸ்பேயன்

‘பா-டீ-யா.’ பாட்டி இல்லை, ஒன்றுமே இல்லை. கூட எழுதிய ஆலி வில்லிஸ் அதை மாற்றி ஏதாவது அர்த்தமுள்ள சொல் போடலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், குழுத் தலைவர் மாரிஸ் வைட் கடைசிவரை அசையவில்லை. தாளத்துக்கு உட்கார்ந்துவிட்டது, அதனால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

#37 மட்டுறுத்துநர்

பாட்டிக்குத் தனி இழை திறக்கவும். இது லோ ரைடரோடது.

#38 சும்மாவந்தேன்

லோ ரைடரோடதா, லோ ரைடருடையதா, லோ ரைடருதா?